ஓய்வு நாட்களின் கணக்கு

மீட்பு இல்லம்,
05.11.2024

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்து ஒரு கிழமை ஆகிவிட்டது. உங்களுக்கும் அத்தானுக்கும் சுகம் எப்படி? உங்கள் முழங்கால் நோவு குளிருக்குக் கூடியிருக்குமே.

வந்த அன்றே என் போனை வாங்கி, உறையில் போட்டு, பெயரை எழுதிப் பூட்டிவிட்டார்கள். பதினான்கு கிழமை முடியும்வரை அது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் இருக்கிற போனில் ஆளுக்குப் பத்து நிமிடம் தருவார்கள். அதை ஆரணிக்கென்று வைத்திருக்கிறேன். அப்பா வேலை விசயமாகத் தூரம் போயிருக்கிறார் என்று கௌசி பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாள். ஆகவே உங்களோடு கடிதத்தில்தான் கதைக்கலாம். பள்ளிக்கூடம் விட்டபிறகு தமிழில் இவ்வளவு எழுதியதில்லை. பிழைகளைத் திருத்தி வாசியுங்கள்.

எட்டு ஆண்கள் இருக்கிறோம். எல்லோரும் சூதாட்டத்தால் வந்தவர்கள். என் அறையில் இருப்பவர் ஒரு பல் வைத்தியர். பொறுப்பாளர் பியற்றிஸ் என்றொரு அம்மா, குரலை உயர்த்தவே மாட்டா, ஆனால் எல்லோருக்கும் பயம். விளையாட்டு முடிவுகள் பற்றியோ பந்தயம் பற்றியோ ஒரு சொல் பேசக்கூடாது. தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி தொடங்கினால் எழுந்து போய் நிறுத்திவிடுவா. அமெரிக்கக் கூடைப்பந்து அட்டவணையை நான்கு மாதத்துக்கு மனப்பாடமாக வைத்திருந்தவன் இங்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் இரண்டு முறை என் கடனை அடைத்தார். மூன்றாம் முறை இல்லை என்று அவர் சொன்னது நியாயம். அதை மனதில் வைத்திருக்கவில்லை என்று அவருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் சின்ன அறையில் என் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து சாம்பல் நிறச் சுவெற்றரை மட்டும் அனுப்பிவிடுங்கள். அடியில் ஒரு நீலக் கொப்பி கிடக்கும். பழைய சாமான், கிடந்தபடி கிடக்கட்டும்.

முடிந்தால் ஒருக்கால் தோர்ண்டன் ஹீத் போய்க் கௌசியைப் பாருங்கள். என்னிடம் எல்லாம் ஓகே என்று மட்டும் சொல்கிறாள்.

அன்புத் தம்பி
றமணன்


இல்ஃபோர்ட்,
11.11.2024

அன்புத் தம்பி றமணனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததே பாதிச் சுகம். நாங்கள் இருவரும் நலம். முழங்கால் அப்படியேதான். பாமசியில் எட்டு மணித்தியாலம் நின்றுகொண்டு மருந்து எண்ணுகிறவளுக்கு அது எங்கே குறையப்போகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சுவெற்றரும் இரண்டு சோடி காலுறையும் அனுப்பியிருக்கிறேன்.

சனிக்கிழமை கௌசியிடம் போனேன். தாயும் பிள்ளையும் சுகம். ஆரணிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. வேறு விசேடமில்லை. நீ அங்கே இருந்துகொண்டு வீட்டை யோசிக்காதே.

நீ வேண்டாம் என்று எழுதியதால்தான் அந்தக் கொப்பியைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். கோபிக்காதே. என் தம்பி படித்த பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். அவன் எதற்குப் பின்னால் போய் விழுந்தான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மூன்று வருடமாக ஆளாளுக்குச் 'சூது, சூது' என்றார்களே தவிர, அது என்னவென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். 'ஓய்வு 0', 'ஓய்வு 1', 'ஓய்வு 2' என்று இருக்கிறது. பக்கத்தில் ஆறரை, நாலரை என்று எண்கள். பெரும்பாலானவற்றுக்குச் சரி போட்டிருக்கிறாய். இவ்வளவு சரி இருந்தால் நீ ஏன் தோற்றாய்?

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நேரமிருந்தால் எழுது.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்.

உன் அக்கா
சிவரூபினி


மீட்பு இல்லம்,
17.11.2024

அன்பின் அக்காவுக்கு,

சுவெற்றர் கிடைத்தது. உங்கள் வீட்டுச் சாம்பிராணி வாசம் இன்னும் அதில் இருக்கிறது. நான் நலம், அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆரணியின் பல்லைப் பற்றிப் போனில் கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

நீங்கள் கேட்டதை எழுதக்கூடாது, இல்லத்தின் விதி. ஆனால் இத்தனை வருடத்தில் என்னைத் திட்டாமல் கேட்ட முதல் ஆள் நீங்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு அணிகள் விளையாடுகின்றன என்று வையுங்கள். ஒன்று பலமானது, மற்றது நோஞ்சான். யார் வெல்வார் என்று பந்தயம் வைத்தால் எல்லோரும் பலமானதில்தானே வைப்பார்கள்? அதனால் பந்தயக்காரர் பலமான அணிக்கு ஒரு சுமை ஏற்றுவார்கள். அதுதான் நீங்கள் பார்த்த ஆறரை. அந்த அணி ஏழு புள்ளி வித்தியாசத்தில் வென்றால்தான் அதில் வைத்தவனுக்குக் காசு. நோஞ்சானில் வைத்தவனுக்கு அது ஆறு புள்ளியால் தோற்றாலும் காசு. அரைப் புள்ளி எதற்கென்றால், சமமாக முடியக்கூடாது என்பதற்கு.

இனி ஓய்வு. அந்த லீக்கில் ஒரு அணி பருவத்துக்கு எண்பத்திரண்டு ஆட்டம் ஆடும். ஒரு நகரத்தில் இரவு ஆடிவிட்டு, விமானம் ஏறி, அடுத்த நாள் இன்னொரு நகரத்தில் ஆடவேண்டும். அது 'ஓய்வு 0'. எதிரணி இரண்டு நாள் வீட்டில் படுத்தெழும்பி வந்திருக்கும். அது 'ஓய்வு 2'. களைத்த அணி முதல் முப்பது நிமிடம் சமாளிக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் கால் தூக்காது, எறிகிற பந்து வளையத்தின் முன்விளிம்பில் அடிக்கும். வென்றாலும் ஏழு புள்ளியால் வெல்லாது, நாலு புள்ளியால் வெல்லும். அந்த இடைவெளிக்குள்தான் என் கணக்கு.

சனம் அணியின் பெயரையும் நட்சத்திர ஆட்டக்காரனையும் பார்க்கிறது. நான் அவர்கள் எத்தனை நாள் நித்திரை கொண்டார்கள் என்று பார்த்தேன். நூறு ஆட்டத்தில் அறுபத்துமூன்று சரி. கொப்பியில் உள்ளது ஒவ்வொன்றும் என் கையால் எழுதியது.

ஏன் தோற்றேன் என்று கேட்டீர்கள். பொறுமை இல்லாமல் கொப்பிக்கு வெளியே போய் வைத்தேன். அவ்வளவுதான்.

எழுதி முடித்துவிட்டு முதலிலிருந்து இரண்டு முறை வாசித்தேன். அது மகிழ்ச்சியா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

அன்புடன்
றமணன்


இல்ஃபோர்ட்,
26.11.2024

அன்புத் தம்பிக்கு,

சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே தடிமன், சளிக் காலம். எனக்கு வந்து போய்விட்டது, அத்தானுக்கு இன்னும் வரவில்லை. வர அவருக்கு நேரமில்லை.

பஸ் டிப்போவில் ஆட்கள் போதாதாம். ரெஸ்ட் டேயிலும் வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இவரும் போகிறார். போன கிழமை ஏழு நாளும் பஸ் ஓடினார். வீட்டு முன்பணம் வருகிற கோடையோடு நிரம்பிவிடும் என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேசையில் கண்ணயர்ந்துவிடுகிறார். பத்தொன்பது வருடம் வாடகை கட்டிய மனிசன், விடு.

நீ எழுதியது வடிவாக விளங்கியது. பாமசிக்குப் போகிற பஸ்ஸில் அட்டவணையைப் பார்த்து, 'ஓய்வு 0' எது, 'ஓய்வு 2' எது என்று கடதாசியில் எழுதி வைத்தேன். அடுத்த நாள் காலை முடிவைப் பார்ப்பேன். பன்னிரண்டில் ஒன்பது சரி! சும்மா கடதாசியில்தான். எனக்கே சிரிப்பு வந்தது. றமணன் சொன்னது உண்மைதான் என்று பஸ்ஸுக்குள் தனியே தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

ஒன்று கேட்கவேண்டும். நாலு நாளுக்குள் மூன்று ஆட்டம் ஆடுகிற அணியை எப்படி எடுப்பது? கடைசி ஆட்டம் சொந்த ஊரில் என்றால் களைப்புக் குறையுமா? கொப்பியில் அதற்கு ஒரு அடையாளம் போட்டிருக்கிறாய், விளங்கவில்லை.

கௌசி சுகம். அவள் வேலைக்குக் கூடுதல் மணித்தியாலம் கேட்டிருக்கிறாள்.

உன் உடம்பைப் பார்.

அக்கா


மீட்பு இல்லம்,
02.12.2024

அக்காவுக்கு,

நலம். நீங்களும் அத்தானும் நலமாக இருக்கவேண்டும்.

சொந்த ஊரில் என்றால் களைப்புக்குப் போடுவதில் ஒரு புள்ளி குறைத்து எடுக்கலாம். அந்த அடையாளம் அதுதான்.

ஆனால் இவ்வளவு விபரம் உங்களுக்கு எதற்கு? கடதாசியில் பார்ப்பதென்றால் பார்த்தது போதும். கௌசி ஏன் கூடுதல் மணித்தியாலம் கேட்டாள்? அதைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டு, களைத்த அணியைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருக்கிறீர்கள்.

நேற்றுக் குழுவில் பேசும் முறை எனக்கு வந்தது. ஒன்று சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டேன். பியற்றிஸ் ஒன்றும் கேட்கவில்லை.

பதில் போடுங்கள்.

றமணன்


இல்ஃபோர்ட்,
10.12.2024

அன்புத் தம்பி றமணனுக்கு,

சுகம்தானே? இங்கே எல்லோரும் நல்ல சுகம். கடிதம் பிந்திவிட்டது, பாமசியில் கிறிஸ்மசுக்கு முன் சனம் அள்ளுகிறது.

கௌசியைப் பற்றிக் கவலைப்படாதே. எல்லாம் சரிவந்துவிடும். ஆரணிக்குப் பிறந்தநாள் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன், நடக்கும்போது மின்னுகிற சப்பாத்து. கௌசி விலையைப் பார்த்துவிட்டு 'ஏன் மச்சாள்?' என்றாள். 'கொஞ்சக் காசு வந்தது, வாங்கினன்' என்றேன்.

நீ வந்ததும் உனக்கொரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். இப்போது சொல்லமாட்டேன்.

போன சனிக்கிழமைதான் சரியான எரிச்சல். பதினெட்டுப் புள்ளி முன்னுக்கு நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஓய்வே இல்லாமல் வந்தவர்கள். கடைசி நிமிடத்தில் அவர்களில் ஒருவன் தேவையில்லாமல் எங்கிருந்தோ எறிந்தான், அது விழுந்துவிட்டது. அரைப் புள்ளியால் போனது. ஆனால் கணக்குப் பிழையில்லை, அது கெட்ட நேரம். இந்தக் கிழமை நாலு நல்ல ஆட்டம் இருக்கிறது.

இறைச்சிக் கறி வைத்தால் உன்னைத்தான் நினைப்பேன். கெதியாக முடித்துவிட்டு வா.

அக்கா


மீட்பு இல்லம்,
16.12.2024

அக்கா,

சுகம் கேட்க எனக்குப் பொறுமையில்லை.

நீங்கள் காசு வைக்கிறீர்களா?

கடதாசியில் எழுதுகிறவளுக்கு அரைப் புள்ளியால் எரிச்சல் வராது. 'கணக்குப் பிழையில்லை, கெட்ட நேரம்' என்பது என் வசனம். சொல்லுக்குச் சொல் என் வசனம். கௌசிக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

நேற்று ஞாயிறு. ஆரணியின் பத்து நிமிடத்தை எடுத்து உங்களுக்கு அடித்தேன். எட்டுத்தடவை அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பல் வைத்தியர் 'றமணன், நேரம் முடிந்தது' என்றார். சுவரில் குத்தவேண்டும் போல இருந்தது. பிள்ளை அங்கே போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

ஒரு கடிதம் உங்களிடம் வர மூன்று நாள். பதில் வர மூன்று நாள். அந்த ஆறு நாளில் அங்கே எத்தனை ஆட்டம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அறைக் கதவைத் திறந்து வெளியே நடந்தால் என்னை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் நடந்தால் என் கட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும், திரும்ப வர முடியாது. இங்கே இருந்தபடி உங்களுக்கு ஒன்றும் செய்யவும் முடியாது.

நிறுத்துங்கள். நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

றமணன்


மீட்பு இல்லம்,
30.12.2024

அக்காவுக்கு,

இரண்டு கிழமை, ஒரு வரியும் இல்லை. கிறிஸ்மஸ் தபாலென்று ஒரு கிழமை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்றும் அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. அத்தானின் நம்பர் பூட்டிய போனுக்குள் கிடக்கிறது.

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் அக்கா?

நான் சொல்லவேண்டியதை நவம்பரிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

அந்தக் கொப்பி பொய்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓகஸ்ட் விடுமுறைத் திங்கள். கௌசியிடம் தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகையெல்லாம் கேட்டேன். 'எதை நம்பித் தாறது?' என்று கேட்டாள். அவள் பிள்ளையோடு தாய்வீடு போயிருந்த அந்த ஒரு நாளில் இருந்து எழுதினேன். முடிந்துபோன ஆட்டங்களின் முடிவுகளை இணையத்தில் பார்த்து, என் கொள்கைக்குப் பொருந்தியவற்றை எடுத்தேன். பொருந்தாதவற்றில் கொஞ்சத்தைக் கலந்தேன், எல்லாம் சரியாக இருந்தால் நம்பமாட்டாள் என்று. நாலு வேறு வேறு பேனையால் எழுதினேன். பழசாகத் தெரியவேண்டுமென்று இரண்டு பக்கத்தில் தேத்தண்ணீர் ஊற்றினேன். அவள் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு நகையைக் கழற்றித் தந்தாள்.

ஒவ்வொன்றும் என் கையால் எழுதியது என்று உங்களுக்கு எழுதினேன். அது உண்மை. ஆட்டம் முடிந்தபிறகு எழுதியது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

உண்மையில் வைத்த ஆட்டங்களில் பாதிக்குக் கீழேதான் எனக்குச் சரிவந்தது. காரணமும் எனக்கு அப்போதே தெரியும். அந்த அட்டவணை எனக்கு மட்டும் தெரிந்த இரகசியமில்லை. ஆறரை என்று போடுகிறவனும் அதைத்தான் வைத்துக்கொண்டு இருக்கிறான். களைத்த அணி வருகிறதென்றால் அதற்கு ஏற்றபடி எண்ணை மாற்றிவிட்டுத்தான் கடையைத் திறக்கிறான். அவர்கள் நித்திரை கொள்ளாதது நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அந்த எண்ணுக்குள் போய்விட்டது. மிச்சமிருப்பது காசைச் சுண்டிப் பார்ப்பதுதான், அதிலும் கடைக்காரன் தன் பங்கை எடுத்துவிடுவான். பன்னிரண்டில் ஒன்பது உங்களுக்கு வந்தது போல எனக்கும் முதல் மாதம் வந்தது.

நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டபோது ஏன் சொல்லவில்லை? நீங்கள் என்னைக் கெட்டிக்காரன் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வருடத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதை இழக்க மனம் வரவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை, இவ்வளவுதான்.

நேற்றுப் பியற்றிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விதியை மீறி உங்களுக்கு எழுதியதையும். என்னை வெளியேற்றுவார்கள் என்று நினைத்தேன். 'உன் அக்காவுக்கு எழுதிவிட்டாயா?' என்று மட்டும் கேட்டா.

எழுதிவிட்டேன்.

றமணன்


இல்ஃபோர்ட்,
09.01.2025

றமணனுக்கு,

உடம்பு சுகம். மற்றதை நீ கேட்காதே.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முந்தி, சனிக்கிழமை, அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. கார் இன்சூரன்ஸ் கட்டப் போயிருக்கிறார், கார்ட் வேலை செய்யவில்லை. யூனிபோமோடு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"ரூபி, சேமிப்பில கிடந்த காசு எங்க?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"றமணனுக்குக் குடுத்திட்டியோ?"

"இல்லை."

"அப்ப?"

கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"இது றமணன்ர எழுத்து. விளையாடினது ஆர்?"

"நான்."

சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஓய்வு, அட்டவணை, அரைப் புள்ளி எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பெடியள் விளையாட முதல் எத்தினை நாள் நித்திரை கொண்டவங்கள் எண்டு பாத்தனி, என்ன?"

"ஓம்."

"நான் எத்தினை நாள் கொள்ளேல்லை எண்டு பாத்தனியோ?"

றமணன், கேள். போன வருடம் அந்த மனிசன் முப்பத்தொரு ரெஸ்ட் டே வேலைக்குப் போனவர். அந்தக் காசைத்தான் நான் வைத்தேன்.

ஏன் என்று உனக்குத் தெரியவேண்டும். நவம்பரில் கௌசியிடம் போனபோது அவள் மேசையில் வங்கிக் கடிதங்கள் கிடந்தன. மூன்று மாதம் வீட்டுக் கடன், மோட்கேஜ் தவணை கட்டவில்லை. 'அவருக்குச் சொல்லாதேங்கோ மச்சாள், கேட்டா உடன வெளிக்கிட்டு வந்திடுவார், சிகிச்சை குழம்பிப்போம்' என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தானிடம் மூன்றாம் முறை கேட்க எனக்கு முகமில்லை. அப்போதுதான் கொப்பியைத் திறந்தேன். இவரின் காசைக் கொஞ்ச நாள் எடுத்து, பெருக்கி, கௌசிக்குக் கொடுத்துவிட்டு, எடுத்ததைத் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் இரண்டு கிழமை வந்ததும் வந்தது. கிறிஸ்மஸ் கிழமை, போனதைப் பிடிக்கவென்று கையில் இருந்த எல்லாவற்றையும் வைத்தேன். நீ போன் அடித்தபோதெல்லாம் பக்கத்தில்தான் இருந்தேன். வெட்கத்தில் எடுக்கவில்லை.

என் கையால் வைத்தேன். அதை உன் தலையில் கட்டவில்லை. ஆனால் நான் கேட்டபோது 'அது பொய் அக்கா' என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீ மூன்று பக்கம் எழுதினாய். உன்னைத் திட்டவும் ஏலாது, நானும் அதையே செய்தவள்.

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். 'கடதாசியில ஆரும் எழுதலாம். வந்து என்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்' என்றார். அதற்குப் பிறகு என்னோடு சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் கதை, அதுவும் உப்பு, தண்ணி என்று.

பந்தய நிறுவனங்கள் என்னைச் சேர்க்கக்கூடாது என்று தடைப் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டேன். என் போனை அத்தானிடம் கொடுத்துவிட்டேன். ஃபாரஸ்ட் கேட்டில் வியாழக்கிழமைகளில் சூதை விடப் பார்க்கிறவர்களின் கூட்டம் ஒன்று நடக்கிறது, ஒரு கிழமை பிந்திப் போகலாம் என்று பார்த்தேன், இல்லை, இன்றைக்கே போகிறேன். பாமசிக்குப் பக்கத்து வீதிதான். எங்கள் ஆட்கள் யாரும் கண்டால் காணட்டும்.

இதை வாசித்துவிட்டு ஓடி வராதே. முடித்துவிட்டு வா. பாதியில் வந்தால் நான் கதவு திறக்கமாட்டேன். வந்ததும் முதலில் கௌசியிடம் போ. அந்தக் கொப்பி பொய் என்று அவளுக்கும் தெரியாது.

அக்கா


12.02.2025

அன்பின் அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் மூன்றாம் திகதி இல்லத்தை விட்டு வந்துவிட்டேன். அதே ஊரில், சிகிச்சை முடித்தவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு அறை தந்திருக்கிறார்கள். ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை கிடைத்திருக்கிறது. போன் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் இதைப் போனில் சொல்ல என்னால் ஏலாது.

ஜனவரியில் உங்கள் கடிதம் கிடைத்த அன்று பையைக் கட்டினேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து அவிழ்த்தேன். அடுத்த நாளும் கட்டினேன். நீங்கள் கதவு திறக்கமாட்டேன் என்று எழுதியிராவிட்டால் வந்திருப்பேன்.

சனிக்கிழமை கௌசியைச் சந்தித்தேன். வீட்டுக்கு வரவேண்டாம் என்றாள். தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். வேலை முடிந்து நேரே வந்தவள், கோட்டைக் கழற்றவில்லை. நான் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன், நாலு பேனையையும் ஊற்றிய தேத்தண்ணீரையும் சேர்த்து.

கோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அப்ப நான் ரெண்டு வருசமா எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சது? அவருக்கு ராசியில்லை, ஆனா கணக்குச் சரி எண்டு, அம்மாவுக்கு, உங்கட அக்காவுக்கு, எல்லாருக்கும்?"

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது. அப்பிடிச் சொல்லேக்க சனம் என்னைப் பாத்த பார்வை உங்களுக்குத் தெரியாது."

கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து வைத்தாள். வங்கி எடுக்க முதல் தானே வீட்டை விற்கிறாளாம். என் கையெழுத்து வேண்டும். பேனையை நீட்டினாள். போட்டேன். எங்கே இருக்கப் போகிறாய் என்று கேட்டேன். தாயோடு, என்றாள். பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையில போன் எடுங்கோ. பத்து நிமிசம். அது அவளுக்குப் பழகிப்போச்சு."

எழுந்து போய்விட்டாள். அவளுடைய தேத்தண்ணீர் தொடாமல் ஆறிப்போய் இருந்தது. கோபித்தாள் என்று எழுதினால் பொய். களைத்திருந்தாள்.

இனி அத்தான். அவருடைய முப்பத்தொரு நாளை என்னால் திருப்பித் தர முடியாது. மாதா மாதம் சம்பளத்தில் அனுப்புவேன், அதற்கு எத்தனை வருடம் என்று இப்போது சொல்லி இன்னொரு பொய்க் கணக்கு எழுத விரும்பவில்லை. ஆனால் அவர் கேட்டபடி முகத்தைப் பார்த்துச் சொல்ல வருகிறேன். இருபத்துமூன்றாம் திகதி ஞாயிறு. அவர் வேலைக்குப் போயிருந்தால் வரும்வரை வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போகிறேன்.

உங்களிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதையும் நேரில் கேட்கிறேன்.

றமணன்


இல்ஃபோர்ட்,
18.02.2025

தம்பி றமணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். ஆறு முறை போய்விட்டேன், இன்னும் வாய் திறந்து பேசவில்லை.

கௌசி சொன்னதை வாசித்துவிட்டு அன்று வேலைக்குப் போக மனமில்லாமல் இருந்தது. போனேன்.

அத்தான் இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. உன் கடிதத்தை மேசையில் வைத்தேன். எடுத்து வாசித்தாரா என்று தெரியாது, ஆனால் வைத்த இடத்தில் இருக்கவில்லை.

நேற்று டிப்போவிலிருந்து அவருக்குப் போன் வந்தது. வருகிற ஞாயிறு ஆளில்லை, வர ஏலுமோ என்று கேட்டிருக்கிறார்கள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அவர் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏலாது," என்றார். "அண்டைக்கு வீட்டுக்கு ஆள் வருது."

பதினொரு மணிக்கு வா. பிந்தாதே.

அக்கா